யாரை அனுப்பலாம்

பயிற்சி என்ற சொல் காதில் விழுந்தாலே எனக்குக் கொட்டாவி வரும். வேலை தெரிந்தவனுக்கு அது தேவையில்லை, தெரியாதவனுக்கு அதனால் பிரயோசனமில்லை. நடுவில் ஒருவன் கோட்டு போட்டுக்கொண்டு வந்து பேசிவிட்டு, சாப்பிட்டுவிட்டுப் போவான். இதை எங்கள் கிடங்கில் எல்லாரிடமும் சொல்லியிருக்கிறேன். முதலாளியிடமும் சொன்னேன். அவர் சிரித்தார். அவர் நினைப்பும் அதுதான், வெளியே சொல்ல வாய் வராது, அவ்வளவே.

எங்களுடையது குளிர்கிடங்கு. மீன், ஐஸ்கிரீம், பச்சைப் பட்டாணி என்று ஊரார் வாங்கித் தின்பதெல்லாம் கல்லாக உறைந்து, அட்டைப் பெட்டிகளில் கூரைவரை அடுக்கியிருக்கும். பெரிய ஃப்ரீசருக்குள் கொஞ்ச நேரம் நின்றால் மீசை வெளுத்துவிடும். நான் அங்கே சூப்பர்வைசர். எந்தப் பெட்டி முதலில் வந்தது, எது முதலில் வெளியே போக வேண்டும், எந்த லாரி எந்த வாசலில் வந்து ஒட்ட வேண்டும், எல்லாம் என் வாயிலிருந்துதான் வரும். நான் ஒரு நாள் லீவு போட்டால் மறுநாள் மீன் இருக்க வேண்டிய இடத்தில் ஐஸ்கிரீம் இருக்கும். அதனால் நான் லீவே போடுவதில்லை.

அவ்வப்போது அரசாங்கத்திலிருந்தோ இன்ஷூரன்ஸ் கம்பெனியிலிருந்தோ கூப்பிடுவார்கள். ஓர் ஆளை அனுப்புங்கள், தீயணைப்பு சொல்லித் தருகிறோம், முதலுதவி சொல்லித் தருகிறோம், ஃபோர்க்லிஃப்ட் பாதுகாப்பு சொல்லித் தருகிறோம் என்பார்கள். எங்கள் கணக்கு வழக்கெல்லாம் பார்க்கும் ஆபீஸ் அக்கா, வாசலில் தொங்கும் பிளாஸ்டிக் பட்டைகளை விலக்கித் தலையை மட்டும் உள்ளே நீட்டி, "அண்ணே, ஒரு ஆள் வேணும். யாரை அனுப்பலாம்?" என்று கேட்பாள். நான் வாயைக்கூடத் திறக்க மாட்டேன். மோவாயைத் தூக்கி மிச்சத்தைக் காட்டுவேன்.

மிச்சம் என்பது நான் வைத்த பெயர். காலையில் எல்லாருக்கும் வேலை பிரித்துக் கொடுத்த பிறகு அவன் மட்டும் கையைப் பிசைந்துகொண்டு நிற்பான். அவனிடம் எதைக் கொடுத்தாலும் அது எனக்கு இரண்டு வேலையாகத் திரும்பி வரும். ஒருமுறை ஃப்ரீசரிலிருந்து ஒரு பெட்டி எடுத்துவரச் சொன்னேன். எடுத்து வந்தான், கதவைச் சாத்தாமல். ஈரக்காற்று உள்ளே புகுந்து தரையெல்லாம் பனிக்கட்டி பிடித்து, பாதி ஷிஃப்டை மண்வெட்டியால் சுரண்டியே கழித்தோம். அவன் ஓரமாக நின்றுகொண்டு, வழுக்கும் வழுக்கும் என்று எங்களுக்குப் புத்தி சொன்னான். முதலாளியின் பழைய டிரைவருக்கு மருமகன் என்பதால் அவனை வீட்டுக்கு அனுப்பவும் வழியில்லை. தண்டம் என்றால் சுத்தமான தண்டம், கலப்படமே கிடையாது.

"அவனையே அனுப்பு. அவன் இல்லன்னா இங்க ஒரு வேலையும் நிக்காது," என்று ஒருமுறை அவன் காதுபடவே அக்காவிடம் சொன்னேன். ரோஷமுள்ளவனாக இருந்தால் முகம் சுருங்கியிருக்கும். அவனோ, சாப்பாடு அங்கேயே போடுவார்களா என்று அக்காவிடம் கேட்டான்.

போய்விட்டு வரும்போது கையில் ஒரு பை, ஒரு பேனா, ஒரு சான்றிதழ் இருக்கும். என்னடா கற்றுக்கொண்டாய் என்று கேட்டால் மதியம் என்ன போட்டார்கள் என்பதைச் சொல்லுவான். எல்லாக் கம்பெனியிலிருந்தும் வழக்கமாக வருகிற ஆட்கள்தான் வருகிறார்கள், நல்ல பழக்கமாகிவிட்டார்கள், வீட்டு விசேஷத்துக்கெல்லாம் கூப்பிடுகிறார்கள் என்பான். எனக்குச் சிரிப்பு தாங்காது. ஊரிலுள்ள மிச்சங்களையெல்லாம் ஒரே அறையில் அடைத்து உட்கார வைத்தால் வேறு எப்படி இருக்கும்?

எங்கள் தளத்துக்கு மேலே, இரும்புப் படி ஏறினால், ஒரு கண்ணாடி அறை உண்டு. மேனேஜர் உட்காரும் இடம். உள்ளே ஹீட்டர் இருக்கும், பின்பக்க ஜன்னலில் வெயில் வரும். கீழே நாங்கள் கோட்டும் கையுறையுமாக விறைத்து நிற்கும்போது, பழைய மேனேஜர் அங்கே அரைக்கைச் சட்டையோடு தேநீர் குடித்துக்கொண்டிருப்பார். அந்த மனுஷன் மகளோடு இருக்கப் போகிறேன் என்று ஒருவழியாக விலகினார். அந்த நாற்காலிக்கு என்னை விட்டால் ஆள் கிடையாது என்று எல்லாருக்கும் தெரியும்.

அது எனக்குப் பவிசுக்காக வேண்டியதில்லை. குளிர் என் நெஞ்சில் இறங்கிவிட்டது. விரல் முட்டிகள் காலையில் மடங்காது, படியேறினால் இளைக்கும். இனியும் ஃப்ரீசருக்குள் போய் வந்தால் நுரையீரல் கெட்டுவிடும், வேறு வேலை பாருங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். இந்த வயதில் வேறு வேலைக்கு எங்கே போவது? எனக்குத் தெரிந்த வேலையெல்லாம் அந்தக் கூரைக்குள்தான் இருந்தது. அதில் குளிராத இடம் ஒன்றே ஒன்று.

முதலாளி என்னைக் கூப்பிட்டார். கிடங்கில் பாதிக்கு மேல் ஐஸ்கிரீம் கம்பெனியின் சரக்குதான். அவர்கள் இப்போது புதிதாக ஒன்று கிளப்பியிருந்தார்கள். எங்கள் ஆட்கள் எல்லாருக்கும் எங்கள் இடத்திலேயே பயிற்சி நடக்க வேண்டும், அதைப் பார்க்க அவர்கள் ஆள் வரும், பிடிக்காவிட்டால் சரக்கை வேறு கிடங்குக்கு மாற்றிவிடுவார்களாம்.

"நீயே ஏற்பாடு பண்ணுப்பா. அவங்க திருப்தியா போயிட்டா போதும். அப்புறம் நீ மேல உக்காந்துக்க," என்றார் முதலாளி.

என்ன மாதிரிப் பயிற்சி வேண்டும் என்று அவர்கள் அனுப்பிய விவரம் அக்காவிடம் இருக்கிறது, படித்துப் பார் என்றும் சொன்னார். நான் படிக்கவில்லை. ஒருநாள் கூத்துக்கு என்ன படிப்பு?

அன்று வீட்டில் சொன்னதும் மனைவிக்கு வாயெல்லாம் பல். என் இருமலைக் கேட்டுக் கேட்டு அவள்தான் என்னைவிட நொந்து போயிருந்தாள். வெந்நீர்ப் பையை என் முழங்காலில் வைத்து அழுத்திக்கொண்டே, மறுநாள் கடைக்குப் போய் எனக்கு ஒரு முழுக்கைச் சட்டை எடுக்கப் போவதாகச் சொன்னாள். இன்னும் கிடைக்கவில்லையே என்றேன்.

"கிடைக்கும். உங்களை விட்டா அங்க யாரு இருக்கா?" என்றாள்.

சொன்னபடியே எடுத்தும் வந்துவிட்டாள். குண்டூசிகூடக் கழற்றாமல் அலமாரியில் வைத்தாள். கூடவே அவள் தம்பியையும் வரவழைத்திருந்தாள். என் மச்சானுக்குத் தெரியாத விஷயம் உலகத்தில் இல்லை, உருப்படியாகத் தெரிந்த விஷயமும் இல்லை. ஊக்கப் பேச்சாளர் ஒருவரைத் தெரியும், அவர் பேசினால் செத்தவனும் எழுந்து உட்காருவான் என்றான். எனக்கு அலைச்சல் மிச்சம். அந்த இடத்திலேயே போனில் பேசி முடித்துவிட்டேன்.

பயிற்சி நாளன்று லாரி வந்து நிற்கும் மேடையைக் கழுவி நாற்காலி போட்டோம். பேச்சாளர் பளபளவென்று ஷூ போட்டு வந்து இறங்கினார். வந்ததும் வராததுமாக, "உங்க எல்லாருக்குள்ளயும் ஒரு நெருப்பு எரியுது. அது உங்களுக்குத் தெரியுதா?" என்று கேட்டார். ஃப்ரீசரிலிருந்து அப்போதுதான் வெளியே வந்தவர்கள் கையுறையைக் கழற்றி ஊதிக்கொண்டிருந்தார்கள். யாருக்கும் எந்த நெருப்பும் தெரியவில்லை. பிறகு ஆளுக்கொரு பலூன் கொடுத்தார். நம் பயத்தையெல்லாம் அதற்குள் ஊதி உடைக்க வேண்டுமாம். விறைத்த உதட்டோடு ஊதியதில் பாதிப் பேருக்குக் காற்றே போகவில்லை. ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன் பலூனை மடித்துப் பிள்ளைக்கென்று பையில் போட்டுக்கொண்டான். அன்று அங்கே புத்தியோடு நடந்துகொண்டவன் அவன் ஒருவன்தான். மிச்சம் மட்டும் முதல் வரிசையில் உட்கார்ந்து, பேச்சாளர் மூச்சு விடும்போதெல்லாம் தலையாட்டிக்கொண்டிருந்தான்.

ஐஸ்கிரீம் கம்பெனியிலிருந்து ஓர் அம்மா வந்திருந்தாள். வயது என் தங்கையைவிடக் குறைவு, பார்வை மட்டும் மாமியார் பார்வை. ஓரமாக நின்று கடைசிவரை பார்த்தாள். ஃப்ரீசருக்குள் ஒருவர் மயங்கி விழுந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதை எப்போது சொல்லித் தருவீர்கள் என்று பேச்சாளரிடம் கேட்டாள். அவர் வாய் கூசாமல், முதலில் மனசு மயங்கக் கூடாது மேடம் என்றார்.

அந்த அம்மா முதலாளி பக்கம் திரும்பினாள். இது எங்களுக்கு வேண்டாம் என்றாள். வெளியாள் ஒருநாள் வந்து பேசிவிட்டுப் போவதை அவர்கள் கேட்கவே இல்லையாம். கிடங்கின் சொந்த ஆள் ஒருவர், முறைப்படி சான்றிதழ்கள் வாங்கியவர், மாதா மாதம் மற்றவர்களுக்குப் பயிற்சி கொடுக்க வேண்டும். அவர் சொன்னால் ஆட்கள் கேட்க வேண்டும் என்பதால் அவரே கிடங்குக்குப் பொறுப்பாகவும் இருக்க வேண்டும். இதெல்லாம் அனுப்பிய விவரத்தில் முதல் பக்கத்திலேயே இருக்கிறதே என்றாள்.

முதலாளி என்னைப் பார்த்தார். நான் பேச்சாளரைப் பார்த்தேன். அவர் உடையாத பலூன்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

"அந்தச் சான்றிதழெல்லாம் நம்மள்ல யார்கிட்டப்பா இருக்கு?" என்று முதலாளி கேட்டார்.

ஆபீஸ் அக்காதான் மெதுவாகச் சொன்னாள்.

"எல்லாமே நம்ம மிச்சம் அண்ணன்கிட்ட இருக்கு முதலாளி. எல்லாத்துக்கும் அவர்தானே போனாரு."

அவன் வீடு பக்கம்தான். போய் எடுத்து வா என்று முதலாளி சொன்னதும் ஓடினான். அவன் ஓடி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. திரும்பி வந்தபோது ஒரு படுக்கை விரிப்பை மூட்டையாகக் கட்டி முதுகில் சுமந்து வந்தான். அவிழ்த்தால் எல்லாம் கண்ணாடிச் சட்டம். அவன் மாமியார் ஒவ்வொரு சான்றிதழையும் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டி வைத்திருந்தாளாம். ஒன்றில் ஆணியும் சேர்ந்தே வந்திருந்தது. தீயணைப்பு, முதலுதவி, ஃபோர்க்லிஃப்ட், உணவுச் சுத்தம், குளிர்சாதன வாயு, கூட்டு முயற்சி என்று மேடை முழுக்கப் பரப்பி வைத்தான். ஒவ்வொன்றிலும் அவனுடைய ஃபோட்டோ அசட்டுச் சிரிப்போடு என்னைப் பார்த்தது.

அந்த அம்மா குனிந்து ஒவ்வொன்றாகப் பார்த்தாள். நீங்கள் எப்படி நடத்துவீர்கள் என்று அவனிடம் கேட்டாள். மாட்டினான் என்று நினைத்தேன். அவனோ தொண்டையைக் கனைத்துக்கொண்டு ஆரம்பித்தான். முதலில் எல்லாருடைய எதிர்பார்ப்பையும் கேட்டுப் பலகையில் எழுத வேண்டும், பிறகு குழு பிரிக்க வேண்டும், நடுவில் தேநீர், அதற்கப்புறம் செய்து காட்டல், முடிவில் எல்லாரும் கருத்துச் சொல்ல வேண்டும் என்றான். வேலையில் ஒரு துரும்பும் தெரியாதவனுக்குப் பயிற்சி எப்படி நடக்கும் என்பது மட்டும் தலைகீழ்ப் பாடம். அத்தனை அறைகளில் உட்கார்ந்து தேய்த்த நாற்காலி வீண்போகவில்லை. அந்த அம்மா ஒவ்வொன்றுக்கும் சரி சரி என்றாள்.

செய்து காட்டுங்கள் என்றாள். ஒருவர் மயங்கி விழுந்தது போலப் படுக்க வேண்டும்.

"அண்ணே, நீங்க கொஞ்சம் படுங்களேன். அங்கெல்லாம் எனக்குப் படுத்துத்தான் பழக்கம். இன்னிக்கு நான் நிக்கணும்ல," என்றான்.

முதலாளி கண்ணைக் காட்டினார். படுத்தேன். ஈரச் சிமென்ட் தரை முதுகில் ஏறியது. என்னைச் சுற்றி நின்று நீ காலைப் பிடி, நீ கம்பளி கொண்டுவா, நீ உதவிக்கு ஆள் கூப்பிடு என்று வேலை ஏவினான். எல்லாரும் செய்தார்கள். நான் சொன்னால் முணுமுணுக்கிற ஆட்கள் அவன் சொன்னதற்கு ஓடினார்கள். கம்பளி கொண்டுவரப் போன மடையன் குறுக்கு வழியென்று ஃப்ரீசருக்குள் புகுந்து வந்தான், கதவைச் சாத்தவில்லை. குளிர் தரையோடு தவழ்ந்து வந்து என் காதில் பட்டது. திறந்து கிடக்கிற கதவு அங்கே படுத்திருக்கிற ஒருவன் கண்ணுக்குத்தான் தெரிந்தது.

கதவு, கதவு என்றேன்.

"மயங்கினவங்க பேசக் கூடாது அண்ணே," என்றான் மிச்சம்.

எல்லாரும் சிரித்தார்கள். அந்த அம்மாவும் சிரித்தாள். நான் வாயை மூடிக்கொண்டு படுத்திருந்தேன், கதவு திறந்தே கிடந்தது. கடைசியில் கைதட்டினார்கள்.

அந்த அம்மா திருப்தியாகப் போய்விட்டாள். முதலாளி என்னைத் தனியாகக் கூப்பிட்டார். அவர் என் முகத்தைப் பார்க்காமல் மேஜையில் இருந்த பேனாவை உருட்டிக்கொண்டிருந்தார். அவனை மேலே உட்கார வைக்க வேண்டியிருக்கிறது, இல்லாவிட்டால் பாதிக் கிடங்கு காலியாகிவிடும் என்றார். எனக்கு ஆத்திரம் பொங்கியது. அவனுக்கு மீன் பெட்டி எது, பட்டாணிப் பெட்டி எது என்று தெரியாது, ஃபோர்க்லிஃப்டில் ஏறினால் பின்னால் போக வேண்டியதற்கு முன்னால் போவான், டாக்டர் சொன்னது உங்களுக்கே தெரியும் என்றெல்லாம் கொட்டினேன்.

"எல்லாம் தெரியும். அதான் தினமும் நீ கீழ இருக்கப் போறியே, பாத்துக்க மாட்டியா?" என்றார். பிறகு ஒன்று கேட்டார். "அத்தனை தடவை கூப்பிட்டாங்க. ஒண்ணுக்காவது நீ போயிருக்கலாமே?"

நான் போனா வேலை நிக்குமே என்றேன்.

"ஆமா. நிக்கும்," என்றார். அதை அவர் பாராட்டாகத்தான் சொன்னார், பாவி மனுஷன்.

வீட்டில் சொன்னதும் மனைவி அலமாரியைத் திறந்து, அந்தச் சட்டையை அடியில் வைத்து, மேலே பழைய போர்வையைப் போட்டாள். மச்சான் மட்டும், பேச்சாளர் நன்றாகத்தானே பேசினார் என்று போனில் கேட்டான். அவனோடு பேசுவதை அன்றோடு நிறுத்தினேன்.

மிச்சம் மேலே போனான். அரைக்கைச் சட்டை போட ஆரம்பித்தான். கண்ணாடி வழியாக எங்களைப் பார்த்து அவ்வப்போது கையாட்டுவான். மாதா மாதம் பயிற்சி நடந்தது, எதிர்பார்ப்பைக் கேட்டு எழுதினான். குளிர் வேண்டாம் என்பது என் எதிர்பார்ப்பு. அதையும் எழுதிக்கொண்டான். நான் கீழே அவன் வேலையையும் என் வேலையையும் சேர்த்துப் பார்த்தேன், முடிந்தவரை. பிறகு அதுவும் முடியாமல் போயிற்று. ஃப்ரீசருக்குள் போனால் இருமல் வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன் எந்தப் பெட்டி எங்கே என்று என்னிடம் கேட்டுக் கேட்டு, ஒரு கட்டத்தில் கேட்பதை நிறுத்திவிட்டான். அவனுக்கே தெரிந்துவிட்டது. காலையில் எல்லாருக்கும் வேலை பிரித்த பிறகு நான் பட்டைத் திரைக்குப் பக்கத்தில் கையைப் பிசைந்துகொண்டு நிற்பேன். குளிருக்குத்தான் பிசைந்தேன்.

ஒருநாள் ஆபீஸ் அக்கா பட்டைகளை விலக்கித் தலையை நீட்டினாள். என்னைப் பார்த்தாள், பிறகு நிமிர்ந்து மேலே பார்த்தாள். மிச்சம் படியில் இறங்கி வந்துகொண்டிருந்தான். பூச்சி ஒழிப்புப் பற்றி ஏதோ பயிற்சியாம், ஓர் ஆள் வேண்டுமாம்.

"யாரை அனுப்பலாம்?" என்று அவனிடம் கேட்டாள்.

அவன் எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்தான். அவன் மோவாய் என் பக்கம் திரும்பி மேலே எழுந்தது.

"அண்ணனை அனுப்புங்க. அவர் இல்லன்னாலும் இங்க ஒரு வேலையும் நிக்காது. பாவம், அவருக்கும் கொஞ்சம் ரெஸ்ட்டா இருக்கும்," என்றான்.

அதில் குத்தல் இருந்திருந்தால் அவனை நான் மன்னித்திருப்பேன். குத்தத் தெரிந்தவன் என்றாவது ஒரு மரியாதை வந்திருக்கும். அவன் மனசார என்மேல் இரக்கப்பட்டுத்தான் சொன்னான். சாப்பாடு நன்றாக இருக்கும் அண்ணே என்று தோளில் தட்டிவிட்டு மேலே போனான். ஃபோர்க்லிஃப்ட் வழக்கம்போல என்னைச் சுற்றிக்கொண்டு உள்ளே போயிற்று.

பயிற்சி நாளன்று மனைவி அந்த முழுக்கைச் சட்டையை எடுத்து வந்தாள். நான் வேண்டாம் என்றேன். "இதுக்காவது போட்டுட்டுப் போங்க," என்று ஒவ்வொரு குண்டூசியாகக் கழற்றினாள்.

அது ஏதோ சங்கக் கட்டடத்து மாடி அறை. உள்ளே நுழைந்ததும் ஏழெட்டுப் பேர் திரும்பிப் பார்த்தார்கள். ஒருவர் பேப்பர் கம்பெனி, ஒருவர் தண்ணீர் கம்பெனி, எல்லாரும் ஒரே குடும்பம் போல உட்கார்ந்திருந்தார்கள். நான் எந்தக் கிடங்கு என்று சொன்னதும், வழக்கமாக வருகிறவர் எங்கே, உடம்புக்கு என்ன என்று எல்லாரும் ஒரே நேரத்தில் விசாரித்தார்கள். அவன் மேனேஜர் ஆகிவிட்டான் என்றேன். அப்படியா, நல்ல மனுஷன், நல்லா இருக்கட்டும் என்று மனம் நிறைந்து சொன்னார்கள்.

பேப்பர் கம்பெனிக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார். சட்டை நன்றாக இருக்கிறது என்றார்.

"இனிமே நீங்கதானா?" என்று கேட்டார்.

நான் சட்டைக் கையை இழுத்துவிட்டுக்கொண்டேன். அவர் அதைப் பதிலாகவே எடுத்துக்கொண்டு, தன் பையை நகர்த்தி, பக்கத்து நாற்காலியைத் தட்டிக் காட்டினார். அது வழக்கமாக வருகிறவருடைய இடமாம், இனி என்னுடையதாம். ஜன்னல் பக்கம் என்பதால் மதியத்துக்கு மேல் கண்ணயர வசதி, மேடையிலிருந்து பார்த்தால் தெரியாது என்றார். நான் உட்கார்ந்தேன். வெயில் நேராக முழங்காலில் விழுந்தது. அறை வெதுவெதுப்பாக இருந்தது.